புகாரில்லாப் பேரூராட்சி

அலுவலக வாசலில் நாய் படுத்திருக்கிறது என்று அறிவுமதி புகார் எழுதி அனுப்பியபோது திங்கட்கிழமை காலை பதினொன்றேகால் மணி. நாய் உண்மையிலேயே படுத்திருந்தது. 'நன்றி. தங்கள் புகார் பதிவாகிவிட்டது' என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. அவள் அலுவலகத்துக்கான பக்கத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். மொத்தப் புகார்கள்: பூஜ்யம்.

மறுபடி அனுப்பினாள். மறுபடி நன்றி. மறுபடி பூஜ்யம்.

அறிவுமதி ஆவாரங்குடி பேரூராட்சியில் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எம்.சி.ஏ. படித்தவள். பக்கத்து ஊரான ஆலங்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதை நீட்டிப்பதும் நீட்டிக்காததும் செயல் அலுவலர் கோபிநாத் போடும் ஒரு கையெழுத்தில் இருந்தது.

கோபிநாத் ஆவாரங்குடிக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் பேரூராட்சி வெப்சைட்டில் ஒரு புகார்கூட வரவில்லை. முதலில் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. போகப்போக, இதற்குத் தன் நிர்வாகம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. போன மாதம் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆவாரங்குடியைப் புகாரில்லாப் பேரூராட்சி என்று அறிவித்து ஒரு சான்றிதழ் கொடுத்தால் மற்ற ஊர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று அதில் கேட்டிருந்தார். பதில் வந்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆய்வு அலுவலர் ஒருவர் நேரில் வருவார், சைட்டில் தானே ஒரு புகாரைப் பதிந்து, அது என்ன ஆகிறது என்று பார்ப்பார்.

அதனால்தான் அவர் அறிவுமதியை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னார். அதனால்தான் நாய்.

அவள் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். புகார் வராமல் இருப்பது நல்லதுதானே என்று அவர் கேட்டார்.

"புகார் வருது சார். வந்து வேற எங்கயோ போயிருது."

கோபிநாத் பேனாவை மூடி வைத்தார். "எங்க போகுது?"

பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் வந்தாள்.

சைட்டைச் செய்தது பிரசாந்த். அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் ஷார்ஜா போய்விட்டான். பிஎச்பி ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகம் ஒன்றில் அதைக் கட்டியிருந்தான். அதற்குள் ரூட் ஃபைல் என்று ஒன்று உண்டு. யார் எந்த முகவரியைத் தட்டினால் எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் அதை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். பொருந்துகிற முதல் வரியிலேயே ஆளை அனுப்பிவிடும். அடுத்த வரியில் அதைவிடப் பொருத்தமாக ஒன்று இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த விஷயத்தில் அது எல்லா அலுவலகங்களையும் போலத்தான் நடந்துகொண்டது.

அறிவுமதி ரூட் ஃபைலைத் திறந்தாள். முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. புகார் என்று தொடங்கும் எந்த முகவரிக்கு எது வந்தாலும் அப்படியே வேப்பமடை பேரூராட்சி சைட்டுக்கு அனுப்பிவிடு என்று பிரசாந்த் எழுதியிருந்தான். அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். நாளைக்கு எடுத்துவிடவும்.' தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

வேப்பமடை பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கேயும் பேரூராட்சிதான். பிரசாந்த் முதலில் அவர்களுக்கு ஒரு சைட் செய்து, அதையே பெயர் மாற்றி ஆவாரங்குடிக்குக் கொடுத்திருந்தான். இங்கே புகார்ப் பக்கம் தயாராகும்வரை ஒரு நாளைக்கு அங்கே போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும். மறுநாள் விசா வந்திருக்க வேண்டும்.

அவள் அந்த வரியை அழித்தாள். நாயைப் பற்றி மூன்றாவது புகார் அனுப்பினாள். பூஜ்யம்.

புகார் வரிகளை மேலே கொண்டுபோனாள். பூஜ்யம். கீழே கொண்டுவந்தாள். முகவரியின் பெயரை மாற்றினாள். இன்னொரு வரியைக் கடன் வாங்கி இங்கே போட்டாள். அதை எடுத்து அங்கே போட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் ஒன்பது மாற்றங்கள் ஆகியிருந்தன. அவற்றில் ஒன்றுகூட சைட்டில் ஒரு அசைவையும் ஏற்படுத்தவில்லை. எதையும் செய்யவில்லையென்றால் எதையும் கெடுக்கவும் இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் பிரசாந்துக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, ரூட் கேஷை அழித்தாயா என்று கேட்டான். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"நீ ஃபைல்ல என்ன எழுதுனாலும் சர்வரு அதைப் படிக்காது அறிவு. வேகமா வேலை பாக்கணும்னு பழசை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கும். மறந்துருன்னு சொன்னாத்தான் புதுசைப் படிக்கும்."

"இதை நீங்க எழுதி வச்சிட்டுப் போயிருக்கலாம்ல அண்ணே?"

இரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை என்றான் பிரசாந்த். ஒரே ஒரு கட்டளை, அடித்து என்டர் தட்டினால் போதும் என்று அதை அனுப்பியும் வைத்தான்.

அவள் தட்டினாள். சர்வர் பழசை மறந்தது. மறந்த கையோடு, இரண்டு நாளாக அவள் எழுதிக் குவித்த ஒன்பது மாற்றங்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுந்தது.

சைட்டின் முகப்பைத் திறந்தால் பொதுக் கழிப்பிடம் பற்றிய புகார்ப் படிவம் வந்தது. பிறப்புச் சான்றிதழுக்குப் போனால் நாய் வளர்க்க உரிமம் கேட்கும் பக்கம் வந்தது. இவற்றையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கும்போதே ரத்தினவேல் வந்துவிட்டார்.

ரத்தினவேல் கடைவீதியில் உரக்கடை வைத்திருப்பவர். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைப்பதற்காகப் பேரூராட்சியின் சமுதாயக் கூடத்தைச் சற்று முன்னால்தான் ஆன்லைனில் பதிவு செய்திருந்தார். பதிவானதற்கு அடையாளமாக அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. போனை மேஜைமேல் வைத்து அவள் பக்கமாகத் திருப்பினார். 'மயான எரிமேடையில் தங்களுக்கு வரும் 14ஆம் தேதி காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.'

"யாருக்குன்னு மட்டும் சொல்லிட்டா நல்லது" என்றார்.

அறிவுமதி மன்னிப்புக் கேட்டு, கூடத்தை நோட்டில் கையால் பதிந்து கொடுத்தாள். கோபிநாத் அறையிலிருந்து வெளியே வந்து, இனி யாரும் எதையும் பதிய முடியாதபடி சைட்டைத் தற்காலிகமாக மூடிவைக்கச் சொன்னார். அது எளிது. யார் எங்கே போனாலும் 'சைட் பராமரிப்பில் உள்ளது' என்ற பக்கத்துக்கு அனுப்பு என்று ரூட் ஃபைலின் தலையில் ஒரு வரி எழுதினாள். இந்தமுறை கேஷையும் மறக்காமல் அழித்தாள்.

வரி அற்புதமாக வேலை செய்தது. யாரையும் விடவில்லை. சான்றிதழ் அச்சடிக்கும் கவுண்டரில் இருந்தவர்களையும் விடவில்லை, கோபிநாத்தையும் விடவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பிறப்பும் இறப்பும் ஒரே வரிசையில் நின்றன. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்ததால் ஊழியர்கள் அதையே வரிசையில் நின்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினார்கள்.

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ரூட் ஃபைலில் இருந்த நாற்பத்திரண்டு வழிகளையும் பேனாவால் ஒவ்வொன்றாக எழுதினாள். குறிப்பான முகவரிகள் மேலே, எதை வேண்டுமானாலும் விழுங்கும் பொதுவானவை கடைசியில். கடைவீதியில் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சரிபார்த்தாள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் கைவைத்தாள். மாலை நான்கு மணிக்கு நாயைப் பற்றிய புகாரை அனுப்பினாள்.

மொத்தப் புகார்கள்: ஒன்று.

இரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கு முதல்முறையாக ஒரு எண்ணைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வேப்பமடை பேரூராட்சிக்குப் போன் போட்டாள். அங்கே இதே வேலையைப் பார்ப்பவன் சந்தோஷ்.

எங்கள் ஊர்ப் புகார்கள் எல்லாம் இரண்டு வருஷமாக உங்களுக்கு வந்துகொண்டிருந்திருக்கின்றன என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சந்தோஷ் பட்டியலைத் தேடும் சத்தம் கேட்டது.

"ஆபீஸ் வாசல்ல நாயின்னு திங்கக்கெழமை வந்துச்சு. அது ஒங்களுதா மேடம்?"

"ஆமா."

"பிடிச்சாச்சே. மூணு தடவை வந்ததால, மூணு நாயைப் பிடிச்சோம்."

அவர்கள் சைட்டில் தெருப்பெயரும் வார்டு எண்ணும்தான் பதிவாகும். ஊர்ப்பெயர் பதிவாகாது, வேப்பமடை சைட்டில் வேறு எந்த ஊர் வரப்போகிறது என்று பிரசாந்த் விட்டுவிட்டான். பிள்ளையார் கோயில் தெருவில் மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று வந்தால் வேப்பமடை ஆட்கள் அவர்களுடைய பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போவார்கள். மூன்றாவது கம்பத்தைப் பார்ப்பார்கள். எரியாது. மாற்றிவிட்டு வருவார்கள். இரண்டு வருஷத்தில் ஆவாரங்குடி வழியாக வந்தது, நாய்கள் போக, மொத்தம் தொண்ணூற்றாறு புகார். ஒன்றுகூடப் பொய்யாக இருந்ததில்லை என்றான் சந்தோஷ். அவனுக்கே இப்போதுதான் அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. பிறகு, நாய்களை விட்டுவிட்டு மற்ற தொண்ணூற்றாறையும் அவளுக்கு அனுப்பிவைத்தான். அவை ஆவாரங்குடி சைட்டில் ஏறி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'நிலுவை' என்று சிவப்பில் நின்றன.

கோபிநாத் அத்தனையையும் அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிப் படித்தார். அவர் கோபப்படுவார் என்றும், தன் ஒப்பந்தம் அந்தக் காகிதக் கட்டோடு முடிந்துபோகும் என்றும் அறிவுமதி நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு வருஷமா எழுதியிருக்காங்கம்மா. யாரும் வந்து பாக்கலை. அப்பவும் ஒருத்தர்கூட ஆபீசுல வந்து சத்தம் போடலை. எப்பேர்ப்பட்ட சனம்."

அவளும் பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். அந்தத் தெருக்களின் வழியாகத்தான் அவள் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறாள். எதிரே வருகிற யாராவது ஒருவர் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்டதில்லை. அதிலும் அமராவதி என்று ஒரு பெண்மணி தனியாக முப்பத்தொரு புகார் எழுதியிருந்தார். எல்லாமே மரியாதையான வார்த்தைகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் 'ஆவன செய்யவும், நன்றி' என்று இருந்தது.

சான்றிதழ் போனால் போகட்டும், ஆய்வு அலுவலர் வருவதற்குள் தொண்ணூற்றாறையும் முடித்தாக வேண்டும் என்றார் கோபிநாத். மறுநாளே விளக்குப் போடுபவர்கள், குழாய் வேலைக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று எல்லோரும் பட்டியலோடு கிளம்பினார்கள். மின்பணியாளர் ராசு முதல் சுற்று முடித்துவிட்டு வந்து அறிவுமதியிடம் சொன்னார்:

"மூணாவது கம்பத்துல லைட்டு எரியலைதான் தாயி. நாலாவதும் எரியலை, அஞ்சாவதும் எரியலை. அதைப் பத்தி ஏன் எழுதாம விட்டாங்கன்னுதான் தெரியலை."

எழுதியதெல்லாம் அச்சுப் பிசகாமல் உண்மையாக இருந்தது. பேருந்து நிலையக் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று இருந்தது, இல்லை. நூலகத்தில் மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை என்று இருந்தது. ராசு அதன் கீழே பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார், வரவில்லை. ரேஷன் கடைக்குப் பின்னால் சாக்கடை அடைத்திருந்தது. காந்தி நகர்க் குப்பைத்தொட்டிக்கு அடிப்பாகம் இல்லை.

ஒரே ஒரு புகார்தான் அவர்களைச் சிரமப்படுத்தியது. எட்டாம் வார்டு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் ஏணி உடைந்திருக்கிறது என்று அமராவதி எழுதியிருந்தார். ஆட்கள் எட்டாம் வார்டு முழுக்கத் தேடினார்கள். ஏணியும் இல்லை, தொட்டியும் இல்லை. நிலைமை புகாரில் சொன்னதைவிட மோசமாக இருக்கிறது என்று கோபிநாத் குறிப்பெழுதி, எட்டாம் வார்டுக்கு ஒரு நீர்த்தேக்கத் தொட்டி கட்டித் தரக்கோரி மாவட்டத்துக்குக் கருத்துரு அனுப்பினார். தொட்டி இல்லாததைக்கூட அந்த அம்மா எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறார் என்று அவர் வியந்தார்.

வேலை முடிய முடிய ராசு போனில் படம் எடுத்து அனுப்பினார். அறிவுமதி ஒவ்வொன்றையும் ஏற்றி, சிவப்பைப் பச்சையாக்கினாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் பட்டியல் முழுக்கப் பச்சையாக இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எரிகிற விளக்குகளை எண்ணிக்கொண்டே போனாள்.

ஆய்வு அலுவலர் ஒரு பெண். வெள்ளிக்கிழமை வந்தார், அலுவலக வாசலில் நாய் படுத்திருக்கிறது என்று தன் போனிலிருந்து ஒரு புகார் அனுப்பினார். அது உடனே பட்டியலில் வந்து நின்றது. அவர் முந்தைய புகார்களையும் படங்களையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு கோபிநாத்திடம், பூஜ்யம் புகார் என்று நீங்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, மக்கள் இத்தனை புகார் கொடுத்து நீங்கள் அத்தனையையும் தீர்த்திருப்பதுதான் பெரிய விஷயம் என்றார். அடுத்த வாரம் சான்றிதழ் வந்தது. புகாரில்லாப் பேரூராட்சி என்று அதில் இல்லை. மக்கள் குரலைக் கேட்கும் பேரூராட்சி என்று இருந்தது. கோபிநாத் அதைத் தன் அறையில் மாட்டிய கையோடு அறிவுமதியின் ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் சந்தோஷ் போன் செய்தான். அவள் ரூட்டைச் சரிசெய்ததிலிருந்து தங்களுக்கு ஒரு புகாரும் வருவதில்லை என்றான். முதலில் சைட் கெட்டுவிட்டதோ என்று பயந்தானாம். இப்போது அவர்களுடைய செயல் அலுவலர் வேப்பமடையைப் புகாரில்லாப் பேரூராட்சி என்று அறிவிக்கக் கேட்டு மாவட்டத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம். அறிவுமதி வாழ்த்துச் சொன்னாள்.

இங்கே புகார்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வந்த மறுநாளே ராசுவோ மற்றவர்களோ போய் முடித்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு அது பழகிவிட்டது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கவுண்டர் முன்னால் வந்து நின்றார். தோளில் பை, கழுத்தில் அளவெடுக்கும் டேப்பை எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார். தையல் கடை வைத்திருப்பதாகவும், கடையைச் சாத்திவிட்டு வந்திருப்பதாகவும் சொல்லிவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். அமராவதி.

அறிவுமதி எழுந்து நின்றாள். நாற்காலி போட்டாள். உள்ளே போய்ச் சொன்னதும் கோபிநாத்தே அறையை விட்டு வெளியே வந்து கும்பிட்டார். உங்களைப் போல ஊருக்கு நாலு பேர் இருந்தால் போதும் என்றார். எட்டாம் வார்டுத் தொட்டிக்குக் கருத்துரு போயிருக்கிறது என்றும் சொன்னார். ராசு டீ வாங்கி வந்தார்.

அமராவதி டீயைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மரியாதையெல்லாம் எதற்கென்று புரியாமல் பார்த்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். இத்தனை நாளும் போட்டால் மறுநாளே ஆள் வந்துவிடுவார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு வாரமாகப் பிள்ளையார் கோயில் தெருப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குழாய் உடைந்து தண்ணீர் தெருவெல்லாம் ஓடுகிறது என்று நாலு தடவை போட்டாயிற்று.

இத்தனை நாளும் மறுநாளே ஆள் வந்தார்கள் என்று அவர் சொன்னது அறிவுமதிக்கு எங்கோ இடித்தது. ஆனாலும் நாலு புகாரையும் எடுத்துப் பார்த்தாள். நாலும் பச்சை.

"முடிச்சாச்சேக்கா. அன்னைக்கே முடிச்சிட்டாங்க."

"நான்தாங்க கூட நின்னேன்" என்றார் ராசு. "பழைய பைப்பைப் புடுங்கிட்டுப் புதுசு போட்டு, பள்ளத்தை மூடி, மேல சிமெண்டும் பூசிட்டு வந்தோம்."

அறிவுமதி படத்தைப் பெரிதாக்கி, திரையை அமராவதியின் பக்கம் திருப்பினாள். அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். குழாயைப் பார்த்தார், பூசிய சிமெண்டைப் பார்த்தார், பின்னால் தெரிந்த கோபுரத்தைப் பார்த்தார். கோபிநாத் கைகளைக் கட்டிக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலையெல்லாம் சுத்தமாத்தான் பாத்திருக்கீக" என்றார் அமராவதி. "ஆனா இது ஒங்க ஊரு பிள்ளையார் கோயில் தெருவாச்சே. எங்க வேப்பமடை சைட்டுல போட்டா ஓடிபியே வராதுன்னுதான், ரெண்டு வருசமா எங்க சனம் பூரா ஒங்க சைட்டுல போட்டுக்கிட்டு இருக்கோம்."